நேசா திரும்பி வரும் பட்சத்தில்

முதுகலைக் கட்டண மானிய வாரியத்துக்கு நடப்பு வருடத்தின் மீது நம்பிக்கை கிடையாது. ஒருவனிடம் இந்த வருடம் படிக்கப் பணம் இருக்கிறதா இல்லையா என்பதை அவர்கள் போன வருடத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். போன வருடம் நேசா உயிரோடு இருந்தாள். மாவட்ட மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை, நல்ல சம்பளம். ஆகவே இந்த வருடம் அவளால் தன் கணவனைப் படிக்க வைக்க முடியும் என்று கணக்கிட்டு, ஃபின்டன் ஹேவர்டியின் விண்ணப்பத்தை வாரியம் நிராகரித்தது.

கடிதம் ஜூலை பதினான்காம் தேதி வந்தது. நேசா இறந்தது பிப்ரவரி பதினொன்று. வேலைக்குப் போனவள் மருத்துவமனையின் கார் நிறுத்துமிடத்திலேயே விழுந்தாள். மூளையில் ரத்தக்கசிவு. சுற்றிலும் டாக்டர்கள்தான்.

விண்ணப்பத்தை ஜனவரியில் நிரப்பியதே அவள்தான். ஃபின்டனுக்குப் படிவம் என்றால் ஆகாது. பூகோளத்தில் பட்டம் வாங்கிவிட்டு ஆறு வருடமாக ஹ்யூபியின் டயர் கடையில் நின்றுகொண்டிருந்தான்.

"டயருக்கு எவ்வளவு காத்து அடிக்கணும்னு சொல்றதுக்கா நீ பூகோளம் படிச்ச?" என்று கேட்டுவிட்டு, மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். அன்று இரவுச் சாப்பாடு ஆறுவதற்குள் ஐம்பத்திரண்டு பக்கங்களையும் நிரப்பி அனுப்பிவிட்டாள்.

கால்வே பல்கலைக்கழகத்தில் ஆசிரியர் பயிற்சி முதுகலைக்கு அவனுக்கு இடம் கிடைத்தது. செப்டம்பர் முப்பதுக்குள் கட்டணம் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் இடம் அடுத்த ஆளுக்கு. நேசா கடைசியாக முடித்துவைத்த வேலை அது என்பதால், அந்த இடத்தை விடக் கூடாது என்று மட்டும் அவனுக்குத் தோன்றியது. மற்றதைப் பற்றியெல்லாம் அவனுக்கு அப்போது பெரிதாக எதுவும் தோன்றவில்லை.

நிராகரிப்புக் கடிதத்தின் பின்பக்கத்தில் ஒரு வழி சொல்லியிருந்தார்கள். ஏழாம் பிரிவு: சூழ்நிலை மாற்றம். போன வருடத்துக்கும் இந்த வருடத்துக்கும் இடையில் குடும்பத்தில் ஏதாவது மாறியிருந்தால் தெரிவிக்கலாம். மாற்றம் நிலையானதாக இருக்க வேண்டும். ஆதாரங்கள் மூன்று மாதத்துக்குள் வழங்கப்பட்டவையாக இருக்க வேண்டும்.

ஃபின்டன் இறப்புச் சான்றிதழை அனுப்பினான். இரண்டு வாரத்தில் திரும்பி வந்தது. கூடவே ஒரு குறிப்பு: "தாங்கள் அனுப்பிய ஆவணம் பிப்ரவரி மாத நிலவரத்தைக் காட்டுகிறது. தற்போதைய நிலவரத்தைக் காட்டும் ஆவணத்தை அனுப்பவும்."

பதிவு அலுவலகத்துக்குப் போய் நின்றான். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் அவன் சொன்னதை முழுக்கக் கேட்டாள்.

"புதுசா ஒண்ணு வேணுமா? ஏங்க, அதுல ஏதாவது மாறியிருக்கா?"

"இல்ல."

"அப்ப பழசுல இருக்கறதேதான் இருக்கும்."

"தேதி மட்டும் புதுசா இருக்கணுமாம்."

"இறந்த தேதியா?"

"இல்லைங்க. நீங்க கையெழுத்துப் போடற தேதி."

அவள் இருபது யூரோ வாங்கிக்கொண்டு புதிய நகல் கொடுத்தாள். ஃபின்டன் அதை அனுப்பினான். பதில் வரவில்லை. ஆகஸ்ட் இருபத்திரண்டாம் தேதி, டயர் கடையின் பின்புறம் நின்று வாரியத்துக்குத் தொலைபேசினான். நாற்பது நிமிடம் பியானோ கேட்ட பிறகு ஜெரால்டின் என்ற பெண் எடுத்தாள்.

"கோப்பு இருக்குங்க. ஆனா இதுல தொடர்பு கொள்ள வேண்டிய நபர்னு நேசா ஹேவர்டியப் போட்டிருக்கு. அவங்ககிட்டதான் நான் பேச முடியும்."

"அது என் கோப்பு."

"உங்க கோப்புதான். இருந்தாலும் தனிநபர் தகவல் சட்டம்னு ஒண்ணு இருக்குல்ல? அவங்க கிட்ட குடுக்கறீங்களா?"

"அவ செத்துட்டா."

"அய்யோ, உங்க இழப்புக்கு வாரியத்தின் சார்பா ஆழ்ந்த அனுதாபங்கள்." இந்த வாக்கியத்தை மட்டும் அவள் திரையைப் பார்த்துப் படித்தது போலிருந்தது. "அப்படின்னா தொடர்பு நபர மாத்திடலாம். அதுக்கு இப்ப இருக்கற தொடர்பு நபர் சம்மதிச்சுக் கையெழுத்துப் போடணும்."

உள்ளே ஹ்யூபி ஒரு சக்கரத்தை உருட்டிவிட்டு யாரையோ திட்டிக்கொண்டிருந்தான்.

"இருக்கீங்களா?" ஜெரால்டினின் குரல் தாழ்ந்தது. "இங்க பாருங்க, இது எங்க அண்ணன் வீட்டுக்காரிக்கு நடந்திருந்தா நான் என்ன செய்வேன்? போன வையுங்க. நான் திரும்பக் கூப்பிடறேன். யார் எடுத்தாலும் அது நேசாதான்னு எடுத்துக்கறேன். புரியுதா?"

வைத்தான். மணி அடித்தது.

"நேசாவாங்க?"

"ம்," என்றான் ஃபின்டன். அவனுக்கு இயல்பிலேயே கட்டைக் குரல்.

"எப்படி இருக்கீங்க நேசா?"

"பரவால்ல."

"அங்க வெயில் அடிக்குதா? இங்க காலைல இருந்து ஒரே ஊத்தல்."

"இங்கயும்தான்."

"அப்புறம் நேசா, உங்க வீட்டுக்காரர் கோப்பு ஏழாம் பிரிவுல நிலுவையில இருக்கு. ஆதாரம் போதலயாம். ஊர் எம்.பி. கிட்ட ஒரு சிபாரிசுக் கடிதம் வாங்கி அனுப்புங்க, சீக்கிரம் நகரும். சரியா? உடம்பப் பாத்துக்குங்க."

வைத்துவிட்டாள். ஆறு மாதத்தில் நேசா எப்படி இருக்கிறாள் என்று கேட்ட முதல் ஆள் அவள்.

அவர்களுடைய லீட்ரிம் மாவட்டத்தில் ஒரு மனிதனுக்கு உரிமையாகக் கிடைக்க வேண்டிய எதுவும் எம்.பி.யிடம் கேட்காமல் கிடைத்தால் அதில் ஏதோ கோளாறு என்று பொருள். எம்.பி. பட்சி காலரி சனிக்கிழமைதோறும் மதுக்கடையின் பின்னறையில் உட்கார்ந்து குறை கேட்பார். தொகுதியில் நடக்கும் எந்தச் சாவையும் தவற விடாதவர். பிறப்புக்கு வரமாட்டார். பிறந்தவனுக்கு ஓட்டு வர பதினெட்டு வருடம் ஆகும், செத்தவன் வீட்டிலோ அன்றைக்கே பத்து ஓட்டு நிற்கும்.

"ஃபின்டன்! உன்ன மறப்பனாப்பா? பிப்ரவரில, அந்த மழையில. ஒரு மணி நேரம் வரிசையில நின்னு உன் கையப் புடிச்சேன். என் காலணி அன்னைக்குப் போனதுதான், இன்னும் சரியாகல."

"ஞாபகம் இருக்கு," என்றான் ஃபின்டன். ஞாபகம் இல்லை. அன்று துக்கம் சொல்ல வரிசையில் வந்தவர்களின் அறுநூறு கைகளைப் பிடித்திருந்தான்.

"வாரியம் இழுத்தடிக்கறானா? அவங்கள உருவாக்கினதே நாங்கதான். ஏழைப் பசங்க படிக்கறதுல எந்தத் தடையும் இருக்கக் கூடாதுன்னுதான் அந்தச் சட்டத்துக்கு நானே கை தூக்கினேன். தடையில்லாமப் பாத்துக்க நூத்தி நாப்பது பேர வேலைக்கு வச்சிருக்கோம். திங்கக்கிழமை கடிதம் போயிடும். கோப்பு யார் பேர்ல இருக்கு?"

"தொடர்பு நபர் நேசாதான்."

எம்.பி.யின் உதவியாளர் அதைக் குறித்துக்கொண்டார். கடிதமும் சொன்னபடி திங்கட்கிழமை போனது. பட்சி காலரி சொன்ன சொல் தவறாதவர்.

செப்டம்பர் இரண்டாவது வாரம் வாரியத்திலிருந்து தடித்த உறை வந்தது. விண்ணப்பதாரர் அளித்த ஆதாரங்களுக்கு இடையே முரண்பாடு காணப்படுவதால் மேல்முறையீட்டு விசாரணை நடைபெறும். இடம்: ஊர் ஹோட்டலின் விருந்து அறை. பத்தொன்பதாம் தேதி காலை பதினொரு மணி. மதிய சூப் உண்டு.

நேசாவின் அம்மா அட்ராக்டா தானும் வருவதாகச் சொன்னாள். கறுப்புக் கோட்டை எடுத்து மாட்டினாள். பிப்ரவரியில் அடக்கம் முடிந்து எல்லோரும் சாப்பிட்டதும் அதே விருந்து அறையில்தான். உள்ளே நுழைந்ததும் அட்ராக்டா மூக்கைச் சுருக்கினாள்.

"அதே காய்கறி சூப்பு. அன்னைக்கு வச்சதே மிச்சம் இருக்கும்போல."

மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் தலைவர் ஓ'டௌட். வெள்ளி முடி, மெல்லிய குரல். இருபுறமும் உட்கார்ந்திருந்தவர்கள் விசாரணை முழுக்கத் தலையை மட்டும் ஆட்டினார்கள். அதற்குத் தனியாகப் படித்தொகை உண்டு.

"மிஸ்டர் ஹேவர்டி, முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். வாரியம் உணர்ச்சி இல்லாத இடம்னு வெளிய ஒரு பேச்சு இருக்கு. அது தப்பு. அனுதாபத்துக்குன்னே எங்ககிட்ட நாலு மாதிரிக் கடிதம் இருக்கு. போன வருஷம் வரைக்கும் ரெண்டுதான் இருந்துச்சு."

இருபுறமும் தலைகள் ஆடின.

"இப்ப விஷயத்துக்கு வருவோம். உங்க மனைவி இல்லாதது நிலையான மாற்றம்னு நீங்க சொல்றீங்க."

"இறந்துட்டான்னு சொல்றேன்."

"அத நாங்க மறுக்கவே இல்ல. இறந்த தேதி சான்றிதழ்ல தெளிவா இருக்கு. அதுக்குப் பிறகு என்ன ஆச்சுங்கறதுதான் எங்க கேள்வி." அவர் ஒரு தாளை எடுத்தார். "ஆகஸ்ட் இருபத்திரண்டு, மதியம் ரெண்டு பத்து. எங்க அலுவலர் நேசா ஹேவர்டியோட தொலைபேசியில பேசியிருக்காங்க. பதிவேட்டுல இருக்கு. உடல்நிலை பரவாயில்லன்னு சொல்லியிருக்காங்க. வானிலை பத்தியும் பேசியிருக்காங்க. வானிலை ஆய்வு மையத்துகிட்ட கேட்டோம். அன்னைக்கு இந்த ஊர்ல மழைதான்."

"அது நான்."

"நீங்களா? வாரியத்துகிட்ட வேற ஆள் பேர்ல பேசினீங்களா? அது குற்றமாச்சே. அப்படிச் சொல்ல விரும்பறீங்களா?"

ஆமாம் என்றால் ஜெரால்டினும் மாட்டிக்கொள்வாள். அவளுடைய அண்ணன் வீட்டுக்காரியை நினைத்துக்கொண்டு ஃபின்டன் வாயை மூடிக்கொண்டான்.

"நல்லது. அடுத்தது எம்.பி. அவர்களோட கடிதம்." ஓ'டௌட் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். "'நேசா ஹேவர்டியை நான் நேரில் அறிவேன். சில மாதங்களுக்கு முன்புதான் சந்தித்தேன். துடிப்பு மிக்க இவர் வரும் ஆண்டுகளில் இப்பகுதிக்குப் பெரும் பங்காற்றுவார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.' வரும் ஆண்டுகளில்னு எழுதியிருக்காரு. மக்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதி. அவரு சந்தேகமில்லன்னு சொல்லும்போது நாங்க சந்தேகப்பட முடியுமா?"

"எல்லாருக்கும் அதே கடிதம்தான் குடுக்கறாரு."

"அப்படின்னா எல்லாரப் பத்தியும் அவருக்குச் சந்தேகமில்லன்னு அர்த்தம்." அவர் மூன்றாவது தாளை எடுத்தார். பத்திரிகை நறுக்கு. "இது ஆகஸ்ட் முப்பது உள்ளூர் வாரப் பத்திரிகை."

அட்ராக்டா நிமிர்ந்தாள். அந்த ஊர்ப் பத்திரிகையில் இறந்தவர்களின் பிறந்தநாளுக்குக் கவிதை போடுவார்கள். அலுவலகத்தில் ஒரு புத்தகம் இருக்கும். அதில் எண் போட்டு அறுபது கவிதைகள். எண்ணையும் பெயரையும் சொன்னால் போதும்.

ஓ'டௌட் நிதானமாகப் படித்தார்.

"'வாசல் கதவைச் சாத்தவில்லை, உன் நாற்காலி நகரவில்லை. போய்விட்டாய் என்று சொன்னவர்கள் நம் வீட்டைப் பார்த்ததில்லை. எப்போதும்போல் இங்கேதான் நீ, எங்கள் அன்பு நேசா.'"

யாரோ பரிமாறும் கரண்டியைக் கீழே வைத்தார்கள்.

"'எப்போதும்போல் இங்கேதான்.' இதப் போட்டது நீங்கதானேம்மா?"

"நான்தான். பதினேழாம் நம்பர்," என்றாள் அட்ராக்டா.

"நீங்க அவங்களோட தாயார். உங்களவிட நெருக்கமான சாட்சி கிடையாது. இந்தக் கூற்று உண்மைதானா?"

ஃபின்டன் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தான். "அட்ராக்டா, அது வெறும் கவிதைன்னு சொல்லிடுங்க. அச்சடிச்சு வச்சது. எல்லாருக்கும் போடறது."

"அறுபதயும் படிச்சுப் பாத்துட்டுத்தான் அதப் பொறுக்கினேன்."

"அப்ப வாபஸ் வாங்கறீங்களாம்மா?" ஓ'டௌட்டின் குரலில் உண்மையான பரிவு இருந்தது. "ஒரு வரி எழுதிக் குடுங்க போதும். மேற்படி நேசா வீட்டில் இல்லை, அச்சில் வந்தது தவறு. உங்க மருமகனுக்கு மானியம் இன்னைக்கே கிடைச்சிடும்."

பேனாவையும் தாளையும் அவள் பக்கம் நகர்த்தினார். அட்ராக்டா பேனாவைப் பார்த்தாள். ஃபின்டனைப் பார்த்தாள். அவன் அந்தப் படிப்பில் சேர வேண்டும் என்று அவளுக்கும் ஆசை. ஜனவரியில் நேசா அதைச் சொல்லிச் சொல்லி அவள் காதைத் தின்றிருந்தாள்.

"நீங்க கோட்டு சூட்டு போட்ட மூணு பேரு," என்றாள். "மேசை போட்டு உக்காந்து, என் பொண்ணு இல்லன்னு என்னையே எழுதித் தரச் சொல்றீங்க. அவ எங்கயும் போகல. எழுதிக்குங்க. நம்பர் பதினேழு."

எழுதிக்கொண்டார்கள். சூப் வந்தது.

காரில் திரும்பினார்கள். பாலம் தாண்டியதும் அட்ராக்டா கேட்டாள்.

"கெடுத்துட்டேனாப்பா?"

"இல்ல. நீங்க எழுதிக் குடுத்திருந்தா நானே கிழிச்சிருப்பேன்."

அதைச் சொன்ன பிறகுதான் அது உண்மை என்று அவனுக்கே தெரிந்தது.

வாரியம் கள ஆய்வுக்கு உத்தரவிட்டது. மனைவி வழக்கமாக அந்த வீட்டில் வசிக்கிறாரா என்று ஓர் ஆய்வாளர் நேரில் பார்த்து அறிக்கை தருவார். இருபத்தாறாம் தேதி வந்தவர் நோயல் என்ற ஐம்பது வயதுக்காரர். தோளில் பை, கையில் ஈரக் குடை. பக்கத்து ஊர்க்காரர்.

"நானும் அன்னைக்கு வரிசையில நின்னேன் ஃபின்டன்," என்றார் வாசலிலேயே. "எனக்குத் தெரியும். ஆனா நான் இங்க வந்திருக்கறது எனக்குத் தெரிஞ்சத எழுதறதுக்கில்ல. கண்ணுக்குத் தெரியறத எழுதறதுக்கு. கோச்சுக்காத."

"வாங்க. டீ போடறேன்."

நோயல் எழுதத் தொடங்கினார். கதவுக்குப் பின்னால் பெண்ணின் மழைக்கோட்டு, ஒன்று. சேறு காய்ந்த பூட்ஸ், ஒரு ஜோடி, அளவு ஐந்து. குளியலறையில் பல் தேய்க்கும் பிரஷ் இரண்டு. படுக்கையில் தலையணை இரண்டு. இடது பக்கத்துத் தலையணைக்குக் கீழே புத்தகம், எழுபதாம் பக்கத்தில் பேருந்து டிக்கெட் செருகியது. குளிர்சாதனப் பெட்டியில் ஒரு பாட்டில் ஆரஞ்சு ஜாம்.

"நீ ஆரஞ்சு ஜாம் சாப்பிடுவியா?"

"பிடிக்காது."

எழுதினார். வீட்டுத் தொலைபேசியின் பதிவுச் செய்திப் பொத்தானை அழுத்தினார். "ஹலோ, நாங்க வீட்ல இல்ல, இருந்தாலும் எடுக்க மாட்டோம், செய்தி சொல்லுங்க," என்றது நேசாவின் குரல், சிரிப்போடு. நோயல் பேனாவைச் சற்று நேரம் காற்றில் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு அதையும் எழுதினார்.

மேசையில் உட்கார்ந்து தேநீர் குடித்தார்கள். நோயல் படிவத்தைத் திருப்பினார்.

"கடைசியா ஒண்ணு. நான் டிக் போட முடியாது, நீதான் போடணும். 'இந்த மாற்றம் நிலையானதா? ஆம், இல்லை.' ஆம்னு போட்டா, நான் இவ்வளவு நேரம் எழுதினதெல்லாம் அதுக்கு எதிரா நிக்கும். கோட்டு, பூட்ஸ், பிரஷ், எல்லாத்தையும் ரெண்டு நாள்ல காலி பண்ணிடு. நான் இன்னொரு தடவ வந்து, ஒண்ணுமில்லன்னு எழுதிடறேன். முப்பதாம் தேதிக்குள்ள முடிச்சிடலாம். இல்லன்னு போட்டா..."

"போட்டா?"

"தெரியல. இதுவரைக்கும் யாரும் போட்டதில்ல."

ஃபின்டன் கதவுப் பக்கம் பார்த்தான். மழைக்கோட்டு கொக்கியில் தொங்கியது. ஒரு பெரிய பையும் அரை மணி நேரமும் போதும். ஏழு மாதமாக அந்த அரை மணி நேரம் அவனிடம் இருந்ததில்லை.

பேனாவை வாங்கி 'இல்லை' என்பதில் டிக் போட்டான்.

நோயல் அதை நெடுநேரம் பார்த்தார். "சரி. அப்ப உபகேள்வி ஒண்ணு இருக்கு. எப்ப திரும்பி வருவாங்கன்னு உன்கிட்ட ஏதாவது சொல்லிட்டுப் போனாங்களா?"

"ஆறு மணிக்கு," என்றான் ஃபின்டன். "வரும்போது பால் வாங்கிட்டு வர்றேன்னா."

நோயல் எழுதினார். எழுதி முடித்துக் குடையை எடுத்துக்கொண்டு, கை குலுக்காமல், அவன் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார்.

ஃபின்டன் கால்வேயை மனதிலிருந்து எடுத்துவிட்டான். மறுநாள் ஹ்யூபியிடம், தான் கடையை விட்டு எங்கும் போகவில்லை என்று சொன்னான்.

"சனியன் புடிச்ச வாரியம்," என்றான் ஹ்யூபி. "சரி, வந்து அந்த டிராக்டர் சக்கரத்தப் புடி."

இருபத்தொன்பதாம் தேதி பகல் தபாலில் வாரியத்தின் முடிவு வந்தது. ஹ்யூபியின் மேசையில் எண்ணெய்க் கையோடு பிரித்தான்.

"கள ஆய்வாளரின் அறிக்கையை வாரியம் கவனமாகப் பரிசீலித்தது. விண்ணப்பதாரரின் மனைவி வீட்டை நிரந்தரமாக விட்டுச் செல்லவில்லை என்பதும், அவருடைய உடைமைகள் அனைத்தும் வீட்டிலேயே உள்ளன என்பதும் உறுதியாகிறது. ஆகவே ஏழாம் பிரிவின் கீழான கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது. எனினும், ஆறு மாதங்களுக்கு மேல் வெளியிடத்தில் தங்கியிருந்து, வீட்டுக்குப் பணம் அனுப்பாத துணைவரின் வருமானம் பதினோராம் பிரிவின் கீழ்க் கணக்கில் சேராது. இதன்படி விண்ணப்பதாரர் முழுக் கட்டண மானியத்துக்குத் தகுதி பெறுகிறார். கட்டணம் பல்கலைக்கழகத்துக்கு நேரடியாக அனுப்பப்பட்டது."

ஹ்யூபி தோளுக்கு மேல் எட்டிப் படித்துக்கொண்டிருந்தான். "செத்ததுக்குத் தரமாட்டாங்களாம். காசு அனுப்பலன்னா தருவாங்களாம்! டேய், கிடைச்சுடுச்சுடா!"

கீழே ஒரு நிபந்தனை இருந்தது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஆய்வாளர் வந்து நிலவரம் கேட்பார். மனைவி திரும்பி வரும் பட்சத்தில், பதினான்கு நாட்களுக்குள் வாரியத்துக்கு எழுத்து மூலம் தெரிவித்து, பெற்ற மானியம் முழுவதையும் திருப்பிச் செலுத்த வேண்டும். சம்மதமெனில் கையொப்பமிடவும்.

ஃபின்டன் அதை இரண்டு முறை படித்தான். கையைத் துணியில் நன்றாகத் துடைத்துக்கொண்டான். வாரியத்தின் அத்தனை விதிகளிலும் அவனுக்கு முழுச் சம்மதமான விதி அது ஒன்றுதான். கையெழுத்துப் போட்டான்.